ஐயாவின் தாகத்துக்கு வைத்த தண்ணீர்

கொசுவைப் பற்றி என்னிடம் யாரும் பேச்செடுக்காமல் இருப்பது நல்லது. எடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சுகாதார அலுவலகத்தில் கொசுப்புழு தேடும் வேலையில் இருக்கிறேன். யாருக்காவது டெங்கிக் காய்ச்சல் என்று கிளினிக்கிலிருந்து தகவல் வந்தால், டார்ச் லைட்டும் நீளக் கைப்பிடி வைத்த கரண்டியுமாக அந்த வீட்டைச் சுற்றி இறங்கிவிடுவோம். பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், குளியலறைத் தொட்டி, ஐஸ்பெட்டிக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு, எதையும் விட மாட்டோம். ஐஸ்பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னால் சில அம்மாக்கள் முறைக்கிற முறைப்பைப் பார்க்க வேண்டுமே, ஏதோ நகைப்பெட்டியைத் திறக்கச் சொன்ன மாதிரி. நானும் பதிலுக்கு முறைப்பேன். வேலை நடந்துவிடும்.

வேலை நடக்காமல் போன இடம் ஒன்று உண்டு. அது என் தங்கை வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது என் தலைவிதி.

ரெம்பியாவிலிருந்து சிம்பாங் அம்பாட் போகும் வழியில், பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளிய ஒரு செம்பனைத் தோட்டத்தில் தங்கை குடியிருக்கிறாள். தோட்டத்து ஆட்களில் முக்கால்வாசிப் பேர் டவுனில் தாமான் என்கிற புதுக் குடியிருப்புகளில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருக்கிற லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீடு இவளுடையது. பின்பக்கச் சாக்கடையைத் தாண்டினால் கொஞ்சம் செம்பனை மரங்கள், அதற்கு அப்பால் கம்பி வேலிக்குள் முனீஸ்வரர், எங்களுக்கு ஐயா. டவுனுக்குப் போனவர்கள் வீட்டை விட்டார்கள், ஐயாவை விடவில்லை. வேண்டுதல் என்றால் காரைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள்.

அங்கே ஒரு வழக்கம். ஐயா இரவெல்லாம் தோட்டத்தைச் சுற்றிக் காவல் காக்கிறவர், அவருக்குத் தாகம் எடுக்கும். அதனால் நேர்ந்துகொண்டவர்கள் ஒரு மண்கலயம் நிறையத் தண்ணீர் ஊற்றி வேலிக்குள் வைத்துவிட்டுப் போவார்கள். வைத்த கலயத்தை ஆடிப் பூஜை வரைக்கும் பூசாரியைத் தவிர யாரும் அசைக்கக் கூடாது. தோட்டம் நிறைய ஆள் இருந்த காலத்தில் பூசாரி வாராவாரம் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவார். என் சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன். பூசாரி போய்ச் சேர்ந்த பிறகு வேறு பூசாரி வைக்க எவனுக்கும் நேரமில்லை. தண்ணீர் மாற்றுகிற வேலை அவரோடு போயிற்று. தொடக் கூடாது என்கிற கட்டளை மட்டும் பத்திரமாக இருக்கிறது. வேலையைக் கைகழுவிவிட்டு, கட்டளையை மட்டும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள நம் ஆட்களை மிஞ்ச ஆளே கிடையாது.

அந்த லயத்தில் ஒரு வீட்டில் காய்ச்சல் வந்தது. பிறகு அடுத்த வீட்டில் வந்தது. நாங்கள் போய் வீடு வீடாகத் தேடினோம். சும்மா சொல்லக் கூடாது, தோட்டத்து ஆட்கள் வீட்டைத் துடைத்து வைத்திருந்தார்கள். ஒரு தேங்காய்ச் சிரட்டையில்கூடத் தண்ணீர் இல்லை. புகை அடித்தோம். புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தண்ணீருக்குள் இருக்கிற புழுவை ஒன்றும் செய்யாது. சில நாளில் அடுத்த கூட்டம் கிளம்பி வந்துவிடும். வந்தது. மறுபடியும் ஒரு காய்ச்சல்.

புகை அடிக்கிற பையன்கள் வேலி வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிடுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். நான் போனேன். வேலி வாசலில் சூலம் நட்ட கல் இருக்கிறது. பெண்கள் அதைத் தாண்டக் கூடாது. கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று, கைக்கு எட்டுகிற கலயத்துக்குள் டார்ச் அடித்தேன். புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நெளிந்தன. உள்ளே வரிசை வரிசையாகக் கலயங்கள். டெங்கிக் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. அசையாத நல்ல தண்ணீர்தான் வேண்டும். ஐயாவுக்கு என்று பார்த்துப் பார்த்து ஊற்றிய குழாய்த் தண்ணீரும் மேலே பெய்த மழையும் அதற்கு அமிர்தம்.

நான் பயந்ததற்குக் காரணம் இருந்தது. தங்கைக்கு முன்பே ஒருமுறை டெங்கி வந்திருக்கிறது. கல்யாணமான புதிதில் புலாவ் செபாங் டவுனில் இருந்தபோது. டெங்கியில் பல வகை உண்டு. ஒரு வகை வந்து போனவருக்கு இன்னொரு வகை வந்தால் அது உயிருக்கே உலை வைக்கலாம். இதை மற்ற வீடுகளில் சொல்லும்போது பாடம் மாதிரி சொல்லிவிட்டு வந்துவிடுவேன். இங்கே கொசு பிறக்கிற இடத்துக்கும் அவள் துணி காயப்போடுகிற கொடிக்கும் நடுவில் கூப்பிடு தூரம்கூட இல்லை.

அலுவலகத்தில் சொன்னேன். என் மேலதிகாரி நம் ஆள் இல்லை, என்னைவிட இளையவர், நல்ல மாதிரிதான். வழிபாட்டு இடம், சென்சிடிஃபான விஷயம் லா, நாம் கை வைத்தால் நாளைக்கே வீடியோ போட்டுவிடுவார்கள், உங்கள் ஆட்கள்தானே, நீங்களே பேசிப் பாருங்கள் என்றார். அந்த இடத்தைத் தேட வேண்டிய இடங்களில் சேர்க்கக்கூட இல்லை. புகை அடித்தாயிற்று, போட்டோ எடுத்தாயிற்று, வேலை முடிந்தது. தப்பு செய்யாமல் இருப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் திட்டக்கூட முடியாது, அதுதான் எரிச்சல்.

சரி, நம் ஆட்களிடமே பேசுவோம் என்று கோயில் தலைவருக்குப் போன் போட்டேன். டவுனில் லாரி கம்பெனி வைத்திருக்கிறவர். மரியாதையாகத்தான் பேசினேன். பழையபடி வாராவாரம் தண்ணீரை மாற்றுங்கள், ஆள் இல்லை என்றால் கலயத்தில் தண்ணீருக்குப் பதில் மணல் போட்டு விளக்கு வையுங்கள், அதுவும் வேண்டாம் என்றால் வாயில் துணி கட்டுங்கள் என்று ஒவ்வொன்றாகக் கெஞ்சினேன். ஆடிப் பூஜை வரட்டும், கமிட்டியில் பேசுவோம் என்றார். அதுவரை கொசு காத்திருக்குமா என்று கேட்டேன்.

"ஏம்மா, எஸ்டேட்டுன்னா கொசு இருக்கத்தாம்மா செய்யும். நாங்கள்லாம் அதுல வளர்ந்து வரலையா?" என்றார்.

அவர் வீட்டு வாசலுக்கும் ஜன்னலுக்கும் கொசுவலை அடித்திருக்கிறது. கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனபோது பார்த்திருக்கிறேன்.

தங்கைக்குக் காய்ச்சல் என்று அவள் கணவர் போனில் சொன்னபோது நான் மஸ்ஜித் தானா டவுனில் யார் வீட்டு ஐஸ்பெட்டியையோ நகர்த்திக்கொண்டிருந்தேன். கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டெங்கிதான். தினமும் வந்து ரத்தம் கொடுக்கச் சொல்லி அனுப்பினார்கள். மேலெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி, கண்ணைத் திறக்க முடியவில்லை. கணவர் பப்பாளி இலையை இடித்துச் சாறு கொடுத்தார். நான் தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று போனில் உயிரை எடுத்தேன்.

அப்புறம் ஒரு நாள் காய்ச்சல் இறங்கியது. அந்தச் செய்தியை அவர் சந்தோஷமாகச் சொன்னார். நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு நேராக அங்கேதான் போனேன். டெங்கியில் காய்ச்சல் இறங்குகிற சமயம்தான் பயப்பட வேண்டிய சமயம். வீட்டில் சாம்பிராணி மணந்தது. தங்கையைத் தலைசீவி உட்கார வைத்திருந்தார்கள். கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது. வயிறு வலிக்கிறதா என்று கேட்டேன். தலையாட்டினாள். காலையிலிருந்து வாந்தி என்றாள். பல் ஈறில் ரத்தம்.

"காய்ச்சல் விட்டுருச்சுக்கா. ஐயாகிட்ட போயி சூடம் காட்டிட்டு, நாளைக்கு வேணும்னா கிளினிக்குக்குப் போறோம்," என்றார் அவள் கணவர்.

"காய்ச்சல் விட்டா முடிஞ்சிச்சின்னு யாரு சொன்னா? இனிமேத்தான் இருக்கு. வண்டில ஏத்துங்க தம்பி."

இழுத்தார். ஐயாவுக்கு நேர்ந்தாகிவிட்டது, சூடம் காட்டாமல் அவரைத் தாண்டிப் போகக் கூடாது என்று ஏதோ சொன்னார். அதற்குமேல் நான் சொன்னவற்றை எழுத முடியாது. லயமே வாசலுக்கு வந்துவிட்டது. தங்கையை நானே தோளில் சாய்த்து இழுத்து வந்து முன்சீட்டில் போட்டேன். அவர் பின்னால் ஏறிக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது, பிரஷர் விழுந்திருக்கிறது என்றார் டாக்டர். இரண்டு கையிலும் டிரிப் ஏற்றினார்கள். எங்கள் அம்மா போன பிறகு நான்தான் அவளுக்குச் சடை போட்டு ஸ்கூலுக்கு அனுப்பினேன். தீவிர சிகிச்சை அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றபோது அந்தச் சடைதான் ஞாபகம் வந்தது. அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் முந்தியது.

ஆபத்துக் கட்டம் தாண்டிவிட்டது என்று டாக்டர் சொன்னதும், அந்தக் காலையிலேயே தோட்டத்துக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு, ஐயாவைக் கும்பிட்டு, கோபம் என்றால் என்னிடம் காட்டு, அவளிடம் காட்டாதே என்று சொல்லிவிட்டுச் சூலக்கல்லைத் தாண்டினேன். ஒவ்வொரு கலயமாகக் கவிழ்த்தேன். செம்மண் தண்ணீரை இழுத்துக்கொள்ள, புழுக்கள் துள்ளிக் காய்ந்தன. ஒரு கலயத்தைக்கூட உடைக்கவில்லை. எல்லாவற்றையும் அதே வரிசையில் குப்புற வைத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. டவுனிலிருந்து எத்தனை கார்! லயத்தில் காய்ச்சலில் கிடந்தவர்களைப் பார்க்க ஒரு கார் வந்ததில்லை. ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, நான் நின்றேன். ஆஸ்பத்திரியில் இருக்கிறவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வாய் கேட்கவில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்ததே நான் செய்த குற்றத்தால்தான் என்றார் ஒருவர். காய்ச்சல் முதலில் வந்தது, நான் கவிழ்த்தது பிறகு என்றேன். ஐயாவுக்கு நடக்கப் போவது முன்கூட்டியே தெரியும் என்றார். அதை நாலு பேர் தலையாட்டிக் கேட்டார்கள்.

"கவர்மெண்டு வேல பாக்குறோம்னு சாமிகிட்டயே சட்டம் பேசுறியாம்மா?" என்றார் தலைவர்.

"சாமிக்கு டெங்கி வராதுண்ணே. என் தங்கச்சிக்கு வருது. பழைய பூசாரி செஞ்சத நீங்க செஞ்சிருந்தா நான் ஏன் உள்ள வர்றேன்?"

பரிகாரப் பூஜை செய்வது, கவிழ்த்த ஒவ்வொரு கலயத்துக்கும் புதுக் கலயம் வைப்பது என்று முடிவெடுத்துவிட்டு எழுந்தார்கள். வாராவாரம் தண்ணீர் மாற்றுவது யார் என்ற பேச்சே எழவில்லை. மறுநாள் அலுவலகத்துக்கும் செய்தி போய்விட்டது. இனி அந்தத் தோட்டத்துப் பக்கம் வேலையாகப் போக வேண்டாம் என்றார் மேலதிகாரி. வேலையாகத்தானே போகக் கூடாது, தங்கை வீட்டுக்குப் போகலாம் அல்லவா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அவள் வீடு திரும்பிக் கொஞ்ச நாள் கழித்து, மீன் வாங்கிக்கொண்டு போனேன். முகம் தெளிந்திருந்தது. மீனைக் கழுவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள், உடம்பு தேறி எழுந்து நடக்க முடிந்ததும் கணவரும் தானுமாகப் போய் ஐயாவுக்கு ஒரு கலயம் வைத்துவிட்டு வந்ததாக. போன வாரம்தான், மஞ்சள் கயிறு கட்டியது, வாசல் பக்கத்திலேயே இருக்கிறது.

"ஐயாதானேக்கா என் உயிர காப்பாத்துனாரு."

டார்ச்சை எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் போனேன். மஞ்சள் கயிறு கட்டிய கலயத்தைத் தூக்கி வந்து அவள் சமையலறை மேசைமேல் வைத்தேன். பதறிப்போனாள். பார் என்று உள்ளே வெளிச்சம் அடித்தேன். குனிந்து பார்த்தாள். புழுக்கள் நெளிந்தன. அவள் ஒரு வாரத்துக்கு முன் தன் கையால் நிரப்பிய தண்ணீர்.

துணியாவது கட்டியிருக்கலாமே என்றேன். குரலை அடக்கத்தான் பார்த்தேன்.

"வாய மூடிட்டா ஐயா எப்பிடிக்கா குடிப்பாரு?"

கேலி இல்லை, வீம்பு இல்லை. நிஜமாகவே என்னிடம் கேட்டாள். டிரிப் ஏற்றிய இடத்தில் கையில் நீலம் இன்னும் மறையவில்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. என் முகத்தைப் பார்த்தபடியே, பழக்கதோஷத்தில், அவள் அதைத் தட்டினாள்.