ஒய்டுக்கு அழுத பையன்

நான் செய்த முட்டாள்தனங்கள் பல. என் மனைவி அவற்றை வரிசை மாறாமல் சொல்வாள். அவளுடைய பட்டியலில் இல்லாத ஒன்றை நானே முந்திக்கொண்டு ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாமல், பேஸ்பால் ஆடும் சிறுவனைப் பற்றிய ஒரு நாவலை முழுசாகத் தமிழில் மொழிபெயர்த்தேன். புரியாத இடத்திலெல்லாம் கிரிக்கெட்டைப் போட்டு நிரப்பினேன். புரியாத இடம் மொத்தம் நூற்று நாற்பது பக்கம். புத்தகமும் நூற்று நாற்பது பக்கம்தான்.

விராலிமலையிலிருந்து தினமும் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போய், ஓர் அலுவலகத்தில் ஃபைல்களை இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்கு நகர்த்துவது என் உத்தியோகம். சாயங்காலம் திரும்பும்போது நான் ஒரு பக்கமும் என் இடுப்பு ஒரு பக்கமுமாக இறங்குவோம். விடியற்காலையில் எழுந்து சிறுவர் கதைகளை மொழிபெயர்ப்பது யாரும் விதிக்காமல் நானே வாங்கிக்கொண்ட தண்டனை. மூன்று புத்தகங்கள் வந்திருந்தன. ஏழாவது படிக்கும் என் மகள் மூன்றையும் திறந்தாள், ஒன்றையும் முடிக்கவில்லை. ஒன்றின் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு மயிலிறகு இருக்கிறது. அது குட்டி போட்டாலும் போடும், அவள் பதின்மூன்றாம் பக்கத்துக்கு வரமாட்டாள். ஊரார் படிக்கிறார்களோ இல்லையோ, இவள் ஒரு புத்தகத்தையாவது கடைசிவரை படித்துவிட வேண்டும். அந்த ஒரு ஆசைதான் அப்போது எனக்கு மிச்சமிருந்தது.

கிரிக்கெட்டை நுழைத்ததும் அதற்காகத்தான். வீட்டுக்குப் பின்னால் காலி மனையில் பிள்ளைகள் தினமும் ஆடுவார்கள், இவளும் போவாள். அப்படியென்றால் கிரிக்கெட் கதை இவளை விடாது என்று கணக்குப் போட்டேன். பிட்சர் பௌலரானார். ஹோம் ரன் சிக்சரானது. எல்லாம் சுகமாகப் போய்க்கொண்டிருந்தது, கடைசி அத்தியாயம் வரும்வரை.

எப்போதும் தோற்கும் ஒரு டீம். அதில் கடைசியாக மட்டை பிடிக்கும் பையன். முதல் பந்தைத் தப்பவிடுகிறான். இரண்டாவதையும் தப்பவிட்டுக் கண்ணில் நீர் முட்ட நிற்கிறான். மூன்றாவது பந்து வருகிறது. மூன்றாவதும் தப்பினால் ஆட்டமே போச்சு. கிரிக்கெட்டில் இரண்டு பந்து தப்பினால் யாருக்கு என்ன? நெடுநேரம் யோசித்து, முதல் பந்தை ஒய்டு ஆக்கினேன், இரண்டாவதை நோ-பால் ஆக்கினேன். அழுகையை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். நல்ல அழுகை, கை வைக்க மனசு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடைசி அத்தியாயத்தை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அப்பா, ஒய்டுக்கு எதுக்கு அவன் அழுவுறான்?"

"பதட்டம் ஆத்தா."

"டீமுக்கு ஒரு ரன்னு வந்துருச்சுல்ல? நோ-பாலுக்கு இன்னொண்ணு. சிரிக்கணும்ப்பா அவன். லூசாப்பா?"

லூசு யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. உண்மையைச் சொன்னேன். இது வேறு ஆட்டம், மூன்று தடவை தப்பவிட்டால்தான் அவுட், அடித்ததும் மட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும், மூன்று இடங்களை வரிசையாகத் தொட்டு, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வர வேண்டும்.

"எங்க, ஓடிக் காட்டுங்க."

வாசலில் இறங்கினேன். படிதான் கிளம்பும் இடம். துவைக்கிற கல், தண்ணீர் டிரம், என் ஸ்கூட்டர் மூன்றும் மூன்று பேஸ். துடைப்பத்தை மட்டையாகப் பிடித்து, இல்லாத பந்தை இரண்டு தடவை தப்பவிட்டு, மூன்றாவதை அடித்துவிட்டு ஓடினேன். ஸ்கூட்டர் வரைக்கும் ஆட்டக்காரன். அதற்குப் பிறகு நோயாளி. ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன்.

அடுப்படி ஜன்னலிலிருந்து மனைவி கேட்டாள்: "காலங்காத்தால யாருங்க ஒங்களத் தொரத்துறா?"

மகள் சிரிக்கவில்லை. வேறு ஏதோ யோசனையில் இருந்தாள்.

"கடைசி ஆளுக்கும் கட்டாயம் பேட்டிங் வருமாப்பா?"

"சுத்திச் சுத்தி எல்லாருக்கும் வரிசையா வந்துக்கிட்டே இருக்கும். அதான் ரூலு."

"மட்டைக்காரன் நெனச்சாலும் மாத்த முடியாதா?"

"முடியாது."

பின்மனையில் மட்டை யாருடையதோ அவனுக்குத்தான் முதல் பேட்டிங். இவளை எப்போதும் கருவேலம் புதருக்குள் பந்து தேட அனுப்பிவிடுவார்கள். இவள் முறை வருவதற்குள் இருட்டிவிடும், இல்லையென்றால் மட்டைக்காரனுக்குப் பசித்துவிடும். எனக்கு இது தெரியும். தெரிந்தும், அவளுக்குப் பிடிக்கும் என்று நம்பி அதே ஆட்டத்தைக் கதைக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

"அந்த ஆட்டத்தையே எழுதுங்கப்பா. கிரிக்கெட்டு வேணாம்" என்று எழுந்தாள்.

"பிட்சர், பேஸ் எல்லாம் யாருக்கும்மா வெளங்கும்?"

"விக்கெட்ட மட்டும் நம்ம என்ன தமிழ்லயா சொல்றோம்?"

பதிப்பாளருக்குப் போன் செய்தேன். "கிரிக்கெட்டே நல்லாத்தான சார் இருக்கு?" என்றார். என் மகள் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அவருக்கும் மகள் இருக்கிறாள் போல, உடனே சரி என்றுவிட்டார்.

மறுபடி முதல் பக்கத்திலிருந்து. விடியற்காலை எழுத்து, பகலில் ஃபைல், பஸ்ஸில் போனில் பேஸ்பால் வீடியோ. பக்கத்து சீட்டுக்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்து, "ஸ்டம்ப்பே இல்லையே சார், எதப் பாத்து வீசுறான்?" என்றார். எனக்கும் அதுதான் புரியவில்லை என்றேன். கண் எரிந்தது, இடுப்பு தனிக்குடித்தனம் போகிறேன் என்றது. வேறு இரண்டு பேஸ்பால் கதைகளையும் தேடிப் படித்தேன். அவற்றிலும் தோற்கிற டீம்தான், பந்தே வராத மூலையில் நின்று காத்திருக்கிற பிள்ளைதான். பேஸ்பால் ஆடுகிற ஊர்ப் பிள்ளைகள் ஏன் இவற்றை விழுந்து விழுந்து படிக்கிறார்கள் என்று அப்போதுதான் கொஞ்சம் பிடிபட்டது. பிள்ளைகளுக்குப் பாதி நாள் காத்திருப்பதிலேயே போகிறது. இந்த ஆட்டத்தில் காத்திருந்தவன் முறை வந்தே தீரும். வந்த பிறகும் ஒரு தப்புக்கு வெளியே தள்ள மாட்டார்கள், இரண்டு தப்பைப் பொறுத்துக்கொள்வார்கள். எங்கள் அலுவலகத்தில்கூட அந்த வசதி கிடையாது.

முடிந்ததும் எழுதிய தாள்களைக் கட்டோடு மகளிடம் கொடுத்தேன். மயிலிறகு எடுத்துத் தரட்டுமா என்று கேட்டதற்கு முறைத்தாள். அடுத்த ஞாயிறு மத்தியானம் பார்த்தால் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருக்கிறாள். படித்த தாள்கள் இடப்பக்கம் செங்கல்லுக்கு அடியில் உயர்ந்திருந்தன. மடியில் மூன்றோ நான்கோதான் மிச்சம். பின்மனையிலிருந்து அவளைக் கூப்பிடுகிறார்கள், பந்து புதருக்குள் போய்விட்டது போலிருக்கிறது. அவள் திரும்பவில்லை.

எனக்குப் பொறுமை கிடையாது. போய்ப் பக்கத்தில் நின்று, "எப்படி ஆத்தா இருக்கு?" என்றேன்.

"சும்மா இருங்கப்பா, இன்னும் ஒரு பந்து இருக்கு."