தங்கையை வேலைக்காரி என்று எழுதிய வீடு

வண்டியோட்டி ஹாட்சனோடு திர்சா ஓடிப்போனாளாம்! சொன்ன நாக்கு அழுகிப் போகும். அவன் அவள் பெட்டியை வண்டியில் தூக்கி வைத்தான், அவ்வளவுதான். அவனுக்கு மீசையே சரியாக முளைக்கவில்லை. அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. அதுவும் போதவில்லை மாவு ஆலைக்காரி ஹன்னாவுக்கு. "அண்ணன் வீட்டு ரொட்டியத் தின்னுட்டு நன்றி கெட்டுப் போனவ" என்கிறாள். அந்த ரொட்டியைச் சுட்டது யார் என்று ஊரில் ஒருவராவது கேட்டார்களா?

அம்மா கண்ணை மூடியதிலிருந்து ஏனோக் டகிள்பியின் பண்ணையில் அடுப்பு எரிந்தது அவன் தங்கை திர்சாவின் கையால்தான். விடியுமுன் பால் கறப்பாள், வெண்ணெய் கடைவாள், குதிரை லாயத்து ஆட்களுக்குப் பன்றிக்கறி வேகவைப்பாள். ஒருமுறை கூலி கேட்டதற்கு ஏனோக் துள்ளிக் குதித்தான்.

"கூடப் பொறந்தவளுக்குக் கூலியா? ஊரே காறித் துப்பும்!"

உறவுக்கு விலை ஏது என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்றாம் வருஷம் இங்கிலாந்து முழுக்க வீடுவீடாக ராணியின் ஆள்கணக்கு வந்தது. ஏனோக் நிரப்பி வைத்திருந்த தாளை வாங்கிப்போகப் பள்ளி ஆசிரியர் வந்தார். சரிபார்ப்பதற்காக அடுக்களை மேசையில் உட்கார்ந்து உரக்கப் படித்தார். குடும்பத் தலைவர் ஏனோக். மனைவி செலினா. பிறகு பிள்ளைகள். கடைசியில், "திர்சா டகிள்பி, வேலைக்காரி."

மாவு பிசைந்துகொண்டிருந்த அவள் கை நின்றது. ஆசிரியருக்கே தூக்கிவாரிப் போட்டது.

"மிஸ்டர் டகிள்பி, இவங்க உங்க தங்கச்சி இல்லையா?"

செலினா முந்திக்கொண்டாள். "எங்க வேலைக்காரப் பொண்ணு போன குளிர்லயே போயிட்டா. இத்தன நிலம் வச்சிருக்கிற வீட்டுல ஒரு வேலைக்காரி இல்லன்னா லண்டன்ல இந்தத் தாளப் படிச்சுப் பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க?"

"மாத்தி எழுது, ஏனோக்," என்றாள் திர்சா.

"வேலைதானே பாக்குற? எழுதினா தேஞ்சா போயிடுவ? போய் மாவப் பாரு, காயுது."

காய்ந்தால் காயட்டுமே! ஒரே தொட்டிலில் கிடந்தவர்கள். கூலி கேட்டால் தங்கை, ஊருக்குப் பகட்டுக் காட்ட வேலைக்காரி! இது எந்த ஊர் நியாயம்?

வருஷம் முடியுமுன் வேலையை விட்டுப் போகிறவளுக்கு இந்தப் பக்கம் யாரும் வேலை தரமாட்டார்கள். நவம்பரில் மார்ட்டின்மஸ் திருநாள் வந்தால்தான் பண்ணையாட்களுக்கு வருஷம் முடியும். திர்சா பொறுத்திருந்தாள். அறுவடை ஆட்களுக்கும் ஆக்கிப் போட்டாள். ஒரு கட்டி வெண்ணெயைக்கூடக் கெட விடவில்லை. மார்ட்டின்மஸ் காலையில் பண்ணையாட்கள் பெட்டி கட்டியபோது அவளும் கட்டினாள்; ஹாட்சன் அதை வண்டியில் ஏற்றினான்.

"எங்க கெளம்பிட்ட? அடுப்புல ஒண்ணும் இல்லையே!" என்று செலினா பதறினாள்.

"டிரிஃபீல்டு சந்தைக்கு. இன்னைக்கு வேலைக்கு ஆள் எடுக்கிறாங்க."

ஏனோக்கின் முகம் வெளுத்தது. "குடும்பத்த விட்டுட்டுச் சந்தையில போய் நிப்பியா? என் மானம் என்னாகும்?"

"குடும்பத்தையெல்லாம் மேல எழுதிட்ட. நான் அதுக்குக் கீழதான இருக்கேன்? வேலைக்காரிக்கு வருஷம் முடிஞ்சுபோச்சு. அடுத்த வருஷத்துக்கு யாரும் அச்சாரம் குடுக்கல."

சொல்லிவிட்டும் அவள் நகரவில்லை. அவன் முகத்தையே பார்த்து நின்றாள். 'தங்கச்சி, போகாத' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெட்டியை இறக்கச் சொல்லியிருப்பாள்.

ஏனோக் சட்டைப்பையைத் துழாவி அச்சாரமாக ஒரு ஷில்லிங்கை நீட்டினான்.

திர்சா அதைத் தொடவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே இறங்கினாள்.