கணவர் பேரில் ஒரு கடல்புழு

மாணவர்கள் அவளை முதுகுக்குப் பின்னால் 'புழு மேடம்' என்றுதான் சொன்னார்கள். அது அவள் காதிலும் விழுந்திருந்தது. அவள் கண்டுகொள்ளவில்லை.

கடல் உயிரியல் படிக்கச் சேர்ந்தபோது எல்லோரையும் போல அவளுக்கும் திமிங்கிலம், டால்ஃபின் என்றுதான் ஆசை. முதல் படகுப் பயணத்திலேயே குடல் வெளியே வந்துவிடும் போல வாந்தி எடுத்தாள். "கரையப் பாரும்மா, கரையப் பாரு!" என்று படகோட்டி கத்தினார். எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர்தான். அதோடு ஆழ்கடல் பக்கம் அவள் தலைவைத்தும் படுக்கவில்லை. கடல் வற்றும் நேரத்தில் முழங்கால் சேற்றில் நின்று, வாளியில் அள்ளி, சல்லடையில் அலசினால் அகப்படும் புழுக்கள் போதும் என்று முடிவு செய்துகொண்டாள்.

வாய்த்த கணவருக்கு மருந்துக்கடை. சேற்று நாற்றத்தோடு அவள் வீடு திரும்பினால், மூக்கைப் பிடித்துக்கொண்டே கதவைத் திறப்பார். அதற்குள் வெந்நீரும் போட்டு வைத்திருப்பார்.

மகன் தவழத் தொடங்கிய வருஷம், ஆற்று முகத்துவாரத்தில் அவளுக்கு ஒரு புழு கிடைத்தது. நகத்தளவு நீளம். அதன் உடம்போரத்து மயிர்முட்களின் நுனியில் ஒரு சின்னக் கொக்கி. எந்தப் புத்தகத்திலும் அப்படியொரு கொக்கி இல்லை. புது இனம் என்று கட்டுரை எழுதி, கணவரின் பெயரை அதற்கு வைத்தாள்.

"ஏம்மா, கடல்ல எத்தனை அழகான மீன் இருக்கு, என் பேரு போயும் போயும் புழுவுக்கா?"

"மீனு என் டிபார்ட்மென்ட் இல்லையே."

அலுத்துக்கொண்டாரே தவிர, புழுவின் படத்தைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். வயிற்றுப்பூச்சிக்கு மருந்து கேட்டு வருபவர்களிடம், "எங்க சொந்தக்காரங்களக் கொல்ல என்கிட்டயே மருந்தா?" என்பார்.

அவள் பேராசிரியை ஆனாள், துறைத்தலைவி ஆனாள். ஒரு மத்தியானம் கடை நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் போய்விட்டார். வந்தவர்கள் எல்லாம் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அடுத்த வாரமே ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். "மனசு கல்லு" என்று சிலர் முணுமுணுத்தார்கள். மகன் மட்டும் ஒருநாள் சாப்பிடும்போது கேட்டான்: "குழம்புல உப்பே போடலியாம்மா?"

"அப்படியா?" என்றாள். அவள் தட்டில் பாதி காலியாகியிருந்தது.

வருஷம் திரும்பியபின் ஒரு போன் வந்தது. பேசியவள், அவளிடம் ஆய்வு செய்து முதன்முதலாக முனைவர் பட்டம் வாங்கிய மாணவி; இப்போது வேறொரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியை. கடல்புழுக்களின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்ப்பது அவள் வேலை.

"மேடம், எப்படிச் சொல்றதுன்னு தெரியல..."

"வாயத் தொறந்து சொல்லு."

"நூறு வருஷத்துக்கு முன்னாடி வேற கடல்ல ஒரு புழுவுக்குப் பேரு வச்சிருக்காங்க. அதுவும் உங்க புழுவும் ஒண்ணுதான். திரும்பத் திரும்பப் பாத்துட்டேன் மேடம்."

ஒரே உயிருக்கு இரண்டு பெயர் இருந்தால் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும். இதை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்பவள் அவள்.

அந்தப் பழைய இனத்தின் புழுக்களை வரவழைத்து, தன்னுடையவற்றோடு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். சிறியவற்றில் கொக்கி இருந்தது. பெரியவற்றில் மழுங்கிப்போயிருந்தது. முகத்துவாரச் சேற்றில் அவளுக்கு அகப்பட்டதெல்லாம் குஞ்சுகள்.

"நீ சொன்னது சரி," என்று போனில் சொன்னாள். "வளர வளர கொக்கி தேஞ்சு போகுது. அதையும் கட்டுரையில சேத்துக்கோ."

"அப்போ நீங்களும் சேந்து எழுதுங்க மேடம்."

"சரி."

"வருத்தமா இருக்கா மேடம்?"

பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னத்தை விரலால் அழுத்திப் பார்ப்பதுபோல அவள் தன்னை அழுத்திப் பார்த்தாள். "தெரியல," என்றாள்.

மகனுக்கு விஷயம் தெரிந்ததும் வீட்டுக்கு வந்து குதித்தான்.

"அப்பா பேர நீயே எடுக்கிறியா? கொஞ்ச நாள் தள்ளிப்போடச் சொல்லியிருக்கலாம்ல?"

"தப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்படிடா தள்ளிப்போடறது?"

"உனக்கு ஒண்ணுமே தோணலியா?"

"தோணினா சொல்றேன்."

அவன் விருட்டென்று எழுந்து பால்கனிக்குப் போனான். வெகுநேரம் கழித்து வந்து, முகம் கொடுக்காமல் சாப்பிட்டான். போகும்போது "மாத்திரை போட்டியா?" என்று மட்டும் கேட்டான்.

கட்டுரை வெளிவந்தது. துறையின் உயிர்மாதிரிக் கூடத்தைப் பார்த்துக்கொள்பவர் திருத்திய பெயரோடு புதுச் சீட்டு எழுதிக்கொண்டு வந்தார். கெடாமலிருக்க எரிசாராயத்தில் ஊறவைத்த புழுவும் பழைய சீட்டும் குப்பிக்குள் இருந்தன.

"பழசத் தூக்கிப் போட்ரலாங்களா மேடம்?"

"கூடாது. ரெண்டும் உள்ளயே இருக்கணும். முன்னாடி என்ன நெனச்சோம்னு பின்னால வர்றவங்களுக்குத் தெரியணும்."

அவர் புதுச் சீட்டைச் சுருட்டி இடுக்கியால் உள்ளே இறக்கினார். "பழைய சீட்டுல இருக்கிறது சார் பேருங்களா?" என்று தயங்கிக் கேட்டார்.

"ஆமா."

அவள் மூடியை இறுக்கிக் குப்பியை அலமாரித் தட்டில் வைத்தாள். அதே இனத்துக் குப்பிகள் வரிசையில் இன்னும் இருந்தன. அடுத்ததை எடுத்துத் தரச் சொல்லிக் கையை நீட்டினாள்.