அவனுக்கு மட்டும் தனிச் சோறு

தண்டவாளத்தைத் தூக்க எட்டுப் பேர் வேண்டும். எட்டுத் தோளும் ஒரே நேரத்தில் நிமிர வேண்டும், ஒரே காலடியில் நடக்க வேண்டும். ஒருவன் தோளைக் கொஞ்சம் தாழ்த்திவிட்டால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. அவனுக்கு முன்னும் பின்னும் நிற்கிறவர்களைத்தான் இரும்பு அழுத்தும். அப்படிப்பட்டவனைத் தோள் திருடன் என்போம். சிங்கப்பூரில் ரயில் ஓடத் தொடங்கி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம், தேய்ந்த தண்டவாளங்களை மாற்றும் எங்கள் கூட்டத்தில் ஒருவனுக்கு அந்தப் பெயர் வந்தது. அவனுக்குப் பின்னால் நின்று தூக்கியவன் நான்.

பிறவியிலேயே அவன் சோம்பேறி அல்ல. ஊரில் மனைவி பிரசவத்தில் இறந்துபோனதாகக் கடிதம் வந்ததிலிருந்து அப்படி ஆனான். கடிதத்தைப் படித்துக் காட்டியதும் நான்தான், எங்கள் எட்டுப் பேரில் எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருவனே. அதன் பிறகு தட்டில் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிடுவான். தண்டவாளத்துக்கு அடியில் நிற்பான், ஆனால் தாங்கமாட்டான். ஒருநாள் கங்காணி எங்கள் ஏழு பேரையும் கூப்பிட்டார்.

"அடுத்த மாசமும் இப்படியே இருந்தான்னா அனுப்பிட்டு வேற ஆளப் போட்டுருவேன். அப்புறம் என்னைச் சொல்லாதீங்க."

வேலை போனால் நாங்கள் எல்லோரும் தங்கியிருந்த லயத்திலும் அவனுக்கு இடம் கிடையாது. இருந்த நிலைமையில் அவன் தனியாக எங்கே போய்ப் பிழைப்பான்?

எனக்கு வாய்த்துடுக்கு அதிகம், யோசனை சொல்வதிலும் முந்திக்கொள்வேன். "சோறு இறங்கலன்னா நல்ல சோறாப் போடுவோம்" என்றேன். நாங்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. பழுப்பு நிறம், ஒரு மாதிரி வாடை. கூலிக்காரன் சோறு என்று நாங்களே கேலி செய்வோம். சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சீனக் கடையில் சியாம் வெள்ளையரிசி விற்றார்கள். தீட்டித் தீட்டி மல்லிகைப்பூ மாதிரி இருக்கும். ஏழு பேரும் சேர்ந்து அதை வாங்கினோம். எங்கள் பெரிய பானைக்குப் பக்கத்தில் அவனுக்கென்று ஒரு சின்னப் பானை ஏறியது. துரைச் சோறு என்று அதற்குப் பேர் வைத்தோம்.

முதல் நாள் அவன் தட்டைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தான். "எனக்கு மட்டுமா?"

"தின்னுட்டு நாளைக்குத் தோளக் குடுடா மாப்ள, அது போதும்" என்றேன்.

அழுதுகொண்டே தின்றான். மறுநாள் அவன் பாரம் தாங்கியது என் தோளுக்கே தெரிந்தது. பத்து நாளில் பாட்டெடுத்துக் கொடுத்து எங்களை நடத்துகிறவனே அவன் என்றாகிவிட்டது. கங்காணி வேறு ஆள் பேச்சையே எடுக்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மனுஷனை வேலை வாங்கும் வித்தை என் கையில் இருக்கிறது என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்.

நாலாவது மாதம் அவன் மறுபடி தாழ்ந்தான். புக்கிட் தீமா பக்கம் தண்டவாளம் தூக்கிப் போகும்போது அவன் முழங்கால் மடிந்தது. இரும்பு சரிந்து என் தோளெலும்பில் இறங்கியது. எப்படியோ கீழே போட்டோம். வலியில் எனக்குக் கண்மண் தெரியவில்லை.

"ஏழு பேர் வாயக் கட்டி உனக்கு வெள்ளச் சோறு போடுறோம். தின்னுட்டு ஏமாத்துறியேடா, வெக்கமா இல்ல?" எல்லார் முன்னாலும் சொன்னேன்.

"ஏமாத்தல மச்சான். காலு மரத்துப் போச்சு. தரைய மிதிக்கிறதே தெரியல."

"நடிப்ப வேற எங்கயாவது வச்சுக்க."

அதற்குப் பிறகு அவன் காலைப் பற்றி என்னிடம் பேசவேயில்லை. விழாமல் நடக்க என்னென்னவோ செய்து பார்த்தான். அன்று சாயங்காலமே எனக்கு மனசு கேட்கவில்லை. சின்னப் பானையில் இன்னும் ஒரு பிடி அரிசி கூடப் போட்டேன். மூன்று வாரம் கழித்து, இரண்டு காலும் வீங்கி, மூச்சு வாங்கி, வேலை நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ரிக்‌ஷாவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

மறுநாள் பார்க்கப் போனேன். கையில் வாழையிலையில் கட்டிய வெள்ளைச் சோறு. அங்கே மருந்து கொடுக்கும் யாழ்ப்பாணத்து டிரஸ்ஸர் ஒருவர் என்னை வாசலில் நிறுத்தினார்.

"இது பெரிபெரி வருத்தம், கால் மரத்து வீங்கிற நோய். சீன ஆக்களுக்குத்தான் கனக்க வாறது. நீங்கள் புழுங்கலரிசிதானே சாப்பிடுறனீங்கள்? இவருக்கு எப்பிடி வந்தது?"

நான் பெருமையாகவே பதில் சொன்னேன். அதை நினைத்தால் இன்றும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளத் தோன்றுகிறது.

"நாங்கதாங்க புழுங்கல். இவனுக்கு மட்டும் தனியா வெள்ளையரிசி ஆக்கிப் போட்டோம். நாலு மாசத்துக்கு மேலயே ஆச்சுங்க, மூணு வேளையும்."

அவர் என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அந்த அரிசியாலதான் இந்த வருத்தம் வருது எண்டு டாக்குத்தர்மார் இப்ப சொல்லுகினம். தீட்டேக்க சத்தெல்லாம் தவிட்டோட போயிடும். இனிக் குடுக்காதேங்கோ."

"பொழச்சுக்குவானாங்க?"

"இதயத்தைப் பிடிச்சிட்டுது" என்றார்.

பொட்டலத்தை வெளியே வாய்க்காலில் போட்டுவிட்டு உள்ளே போனேன். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என் வெறுங்கையைப் பார்த்தான்.

"சோறு கொண்டாரலயா மச்சான்? இங்க பயத்தங்கஞ்சியா ஊத்துறாங்க."

"இன்னிக்கு ஆக்கல" என்றேன்.

"வேலைக்கு வராதவனுக்கு எப்படி ஆக்குவீங்க, நியாயந்தான்." கோபமாகச் சொல்லவில்லை. "காலு சரியாகட்டும். வந்து தோள் குடுக்குறேன். அப்புறம் போடுங்க."

அப்படி இல்லையடா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் எதைச் சொல்வேன்? உன்னைப் பிழைக்க வைக்கிறேன் என்று நான்தான் உன்னைக் கொன்றேன் என்றா? எந்த நேரமும் ஓயாத என் வாய் அன்று திறக்கவில்லை. அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் பிடித்திருப்பது அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் போய்விட்டான். வேலை செய்யாததால் நாங்கள் சோற்றை நிறுத்திவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே போனான்.