கூண்டுக்குள் போன கை

நான் இப்போது குடியிருக்கும் கணபதியில், கறிக்கடைக்காரர் கூண்டுக்குள் கையை விட்டார். ஒரு பிராய்லர் கோழிகூட விலகவில்லை. விலக இடமும் இல்லை.

சிறுவயதில் எங்கள் வீட்டுப் புழக்கடையில் மேய்ந்த கோழிகளைத் துரத்திப் பிடிக்க அரைநாள் ஆகும். கம்புத் தானியத்தை இறைத்து "பா, பா" என்றால் காலடிக்கே வந்துவிடும். ஆனாலும் அறுப்பதற்கு அப்படிக் கூப்பிட அம்மா விட்டதில்லை.

"தீனி போடற கொரல்ல கூப்புட்டுக் கொல்றதா கண்ணு? தொரத்தித்தான் புடிக்கோணும். தப்பிச்சா பொழச்சுப் போகட்டும்."

உடுமலையிலிருந்து மாமா விருந்துக்கு வந்த அன்று அம்மா கடைக்குப் போயிருந்தாள். துரத்தச் சோம்பல்பட்டு நான் கம்பை இறைத்தேன். என் கையிலேயே தின்று பழகிய செவலைக் கோழிதான் முதலில் ஓடிவந்தது. மாமா அதை அறுத்து முடித்தபோது அம்மா திரும்பினாள். சிந்திக்கிடந்த கம்பைப் பார்த்தாள். குழம்பு வைத்தாள். அவள் மட்டும் ரசம் ஊற்றிச் சாப்பிட்டாள்.

மறுநாள் நான் எத்தனை கூப்பிட்டும் மற்ற கோழிகள் வேலியோரமே நின்றன. அதன்பின் தீனி போடும் வேலையை அம்மா எனக்குத் தரவேயில்லை.

"ஏனுங்கக்கா, இது போதுங்களா?" என்றார் கடைக்காரர்.

அவர் பிடியிலிருந்த கோழி, தீனி என்று நினைத்து அவர் விரலைக் கொத்திக்கொண்டிருந்தது.

"போதுங்க" என்றேன்.