இடைவேளை வரை

நேற்று டிவியில் அந்தப் பழைய படம் ஓடியது. 'இடைவேளை' என்று எழுத்து வந்ததும் என் கால்கள் தாமாகச் செருப்பைத் தேடின.

அறுபதுகளில் அருப்புக்கோட்டையில் மேட்னி பார்க்க வந்தால், எங்கள் ஊர் பரளச்சிக்குப் போகும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க இடைவேளையிலேயே கிளம்பிவிட வேண்டும். சிறுமியாக நான் பார்த்த படங்களெல்லாம் பாதிதான். தெருவில் மட்டும் முழுசும் பார்த்தவள் போலப் பேசுவேன்.

பக்கத்து வீட்டு அத்தை தன் பிள்ளையைப் பறிகொடுத்தும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் இருந்தார். நேற்று ஓடிய படத்தை அப்போது பாதி பார்த்துவிட்டு வந்து அவரிடம், "ஒரு சேட்டக்காரப் பிள்ளையப் பத்துன படம் அத்த, சிரிச்சு மாளாது, போயிட்டு வாங்க" என்றேன்.

அவர் டவுனில் தங்கை வீட்டில் தங்கி முழுப் படமும் பார்த்துவிட்டு வந்தார். பின்பாதியில் அந்தக் குழந்தை செத்துப்போகுமாம். அத்தையின் முகம் வீங்கியிருந்தது.

"தெரிஞ்சுதான அனுப்புன?"

பாதியில் வந்ததைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "ஆமா அத்த" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்பிள்ளைக்கு அங்கன உக்காந்துதான் அழுதேன். நீ நல்லா இருப்பத்தா."

சாகும்வரை ஊரெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நேற்றும் இடைவேளையோடு டிவியை அணைத்துவிட்டேன்.