பின் சீட்டில் செக்ரட்டரி

எங்கள் செம்பூர் சொசைட்டியின் செக்ரட்டரி என் காரைப் ‘பங்கார்’ என்று சொன்ன அன்றுதான் நான் மெக்கானிக் ஆனேன். பங்கார் என்றால் காயலான் கடைச் சரக்கு. என் வண்டியோ ஒரு காலத்தில் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக இந்த மும்பையையே சுமந்தது. துரு சுரண்டி, இன்ஜினைப் பிரித்துப் பூட்டி, பால் நிறத்தில் பெயிண்டும் அடித்தாயிற்று. பின்பக்க ஷாக் அப்சார்பர்கள்தான் பாக்கி. பழையவை செத்துப்போனதால், கேட் அருகே ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினால் வண்டி குதிப்பதை நிறுத்தாது. குதிக்கும்போதெல்லாம் சைலன்சர் தரையில் மோதும். அந்தச் சத்தத்துக்குப் பால்கனிகள் நிறைந்துவிடும்.

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம், பின் சீட்ல ஆளோட அந்த மேட்டைத் தாண்டிக் காட்டுங்கோ. இடிச்சுதுன்னா மறுநாளே பங்கார்வாலா வந்து தூக்கிண்டு போயிடுவான்” என்றார் செக்ரட்டரி.

“ஆள் எதுக்கு சார் தேடணும்? நீங்களே உக்காருங்க.”

என் வாய் எப்போதும் மூளையை ஓவர்டேக் செய்யும்.

இன்ஜின் வேலைக்குக் கைகொடுத்த மெக்கானிக் ஊருக்குப் போயிருந்தார். குர்லாவில் வாங்கி வந்த புது ஷாக்குகளோடு ஞாயிறு காலை நானே வண்டிக்கடியில் நுழைந்தேன். பின் அச்சுக்கு அடியில் ஜாக்கி, பக்கத்தில் தாங்குக்கட்டை. ஒரு பக்கத்துப் பழைய ஷாக்கைக் கழற்றியவரை நான் மாவீரன்தான். புதியது கேஸ் நிரப்பியது. அமுக்கி, பட்டை போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். பொருத்திய பிறகு வெட்ட வேண்டிய பட்டை அது. நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, முதல் வேலையாக அதை வெட்டினேன்.

புஸ்ஸென்று நீண்டு வந்து தாடையைத் தொட்டது. ஜாக்கி சரிந்து வண்டியே என்மேல் இறங்குகிறது என்று முடிவு கட்டி அலறினேன். திருச்செந்தூருக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். மழிக்கத் தலையில் ஒன்றும் மிச்சமில்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

மனைவி மூன்று மாடி இறங்கி ஓடிவந்தாள்.

“எதுக்கு இந்தக் கத்து கத்துதிய?”

“வண்டி விழுந்துட்டுடி!”

“வண்டி நின்ன எடத்துலதான நிக்கி. நீங்கதான் விழுந்து கெடக்கிய.”

வெளியே வந்து, நீண்டுவிட்ட ஷாக்கைத் தரையில் ஊன்றி அதன்மேல் கவிழ்ந்து அமுக்கினேன். கொஞ்சம் இறங்கியது. மூச்சு வாங்க நின்றதும் என்னையும் சேர்த்துத் தூக்கியது. வாட்ச்மேன் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தான். தப்பான சைஸ் வாங்கிவிட்டேன், வண்டி போச்சு, நாளைக்குப் பங்கார்வாலா வருவான் என்று புலம்பினேன்.

“அது குட்டையாவ மாட்டேங்கு. மாட்டுத எடத்த நீளமாக்க முடியாதா? எதுக்கு அது மேல படுத்து உருளுதிய?” என்றாள் மனைவி.

முடியும். அச்சைத் தூக்கி நிறுத்தி இடைவெளியைச் சுருக்கி வைத்திருந்தவனே நான்தான். ஜாக்கியையும் கட்டையையும் பாடிக்கு அடியில் மாற்றி உயர்த்தினேன். அச்சு தன் எடையில் கீழே தொங்கியது. மேல் துளையும் கீழ் துளையும் நேராக வந்து நின்றன. போல்ட் சாதுவாக உள்ளே போயிற்று. அடுத்த பக்கத்தை முடித்தபோது நான் விசிலே அடித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் செக்ரட்டரி இஸ்திரி கலையாத சட்டையோடு பின் சீட்டில் ஏறினார். பால்கனிகள் ஏற்கெனவே நிறைந்துவிட்டன. மேட்டை நெருங்கினோம். கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

“சார்! கண்ணைத் திறந்துண்டு ஓட்டுங்கோ!”

ஏறியது. இறங்கியது. பின்பக்கம் ஒருமுறை அமுங்கி எழுந்து அடங்கியது. சைலன்சரிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை.

“தாண்டிடுத்து. சரி, நிறுத்துங்கோ.”

நான் ஏன் நிறுத்துகிறேன்? ரிவர்ஸ் போட்டு அதே மேட்டின்மேல் பின்னாலேயே ஏற்றி இறக்கினேன். மறுபடியும் முன்னால்.

“அய்யோ, போறும் சார்! ஒத்துண்டுட்டேன்!”

“அப்போ பங்கார்வாலாவுக்கு போனைப் போட்டு வரவேண்டாம்னு சொல்லுங்க. நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் நான் ஓட்டிட்டே இருக்கேன்.”

அவர் அவசரமாகச் சட்டைப்பையைத் துழாவினார். நான் அடுத்த கியருக்கு மாறினேன்.